மிக்ஸி போட்டால் பத்தரை வோல்ட்

1

இந்த ஜனவரியோடு நான் பிரான்சுக்குப் போய் முப்பத்தொரு வருடம் முடிந்தது. அது நிறைந்த நாளன்று, புதுச்சேரி வீராம்பட்டினத்தில், கடற்கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தென்னந்தோப்பு ஓரமாக எங்கள் வேனை நிறுத்திவிட்டு, தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். ஒரு சுற்றுச் சுற்றி முனகியது. இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோனது. அதற்கு முன்னால் அதன் சின்னத் திரையில் பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட் காட்டியது. மிக்ஸியை அழுத்தியதும் பத்தரைக்கு இறங்கியது. மிக்ஸியை நிறுத்தியதும், ஒன்றும் நடக்காதது போல மறுபடியும் பன்னிரண்டரைக்கு மேல் ஏறி நின்றது.

வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் ஆகஸ்டு விடுமுறையில் கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடலோரமாகச் சுற்றுவது எங்கள் வழக்கம். ஊருக்கு வந்தால் யார் வீட்டில் தங்குவது என்று ஒவ்வொரு வருடமும் சிக்கல் வரும். ஒருவர் வீட்டில் படுத்தால் இன்னொருவருக்கு முகம் கோணும். என் கணவர் ழெராரும் புதுச்சேரித் தமிழர்தான், பாரிஸ் பக்கத்தில் பஸ் டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருடத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு பழைய பன்னிரண்டு சீட் வேனை வாங்கி, அதே மாதிரி ஒரு வீடாக மாற்றினார். ஒரு கட்டில், ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ், கட்டிலுக்கு அடியில் இரண்டு பேட்டரி, ஓர் இன்வெர்ட்டர்.

என் பெயரில் பதிவு செய்யப் போய், போதும் போதுமென்று ஆகிவிட்டது. பயணிகள் வேனை வீட்டு வேனாக மாற்ற ஒரு படிவம். என் அப்பா பெயர் சவரிமுத்து. பிரெஞ்சுக் காகிதத்தில் அதற்குப் பதின்மூன்று எழுத்து, இங்கே இங்கிலீஷில் பதினொன்று. இரண்டும் ஒரே மனிதர்தான் என்று நிரூபிக்க ஏழு தடவை நடந்தோம். எட்டாவது தடவை கவுண்டரில் இருந்தவரே, “உள்ளூர்ல ஒருத்தர் பேர்ல போட்டுடுங்கம்மா, ரெண்டு பேருக்கும் நிம்மதி” என்றார். என் தம்பி ஆரோக்கியம் பெயரில் போட்டோம். நாங்கள் இல்லாத பத்து மாதமும் வண்டி தவளக்குப்பத்தில் அவன் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

ழெராருக்கு இந்த முறை முழங்கால் ஆபரேஷன். அதனால் நான் மட்டும் தனியாக வந்தேன். போனில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“பேட்டரிய மாத்திட்டாங்க ஸ்டெல்லா” என்றார். “நல்லத எடுத்துட்டு, செத்துப்போனத வச்சிருக்காங்க.”

“யாரு?”

“வண்டி யாரு கையில இருந்துச்சி?”

2

என் தம்பியை யாரும் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பொறுக்காது. ழெராரைத் திட்டிவிட்டு போனை வைத்தேன். ஆனால் அவர் சொன்னது காதிலேயே நின்றது. தவளக்குப்பத்துக்குத் திரும்பியதும், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வேனை ஒரு அங்குலம் விடாமல் பார்த்தேன்.

கிலோமீட்டர் மீட்டரை ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது போட்டோ எடுத்து வைப்பேன். அதைவிட இப்போது நானூறுக்கு மேல் கூடியிருந்தது. அலமாரிக்கு மேலே விரல் கனத்துக்குத் தூசி. ஆனால் பேட்டரி இருக்கும் பெட்டியின் மூடியில் தூசியே இல்லை. எங்களுடையது அல்லாத ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சன்னல் ஓரத்தில் யாரோ ஒரு ஆணி அடித்து, அதில் துணி மாட்டிய தடம். கட்டில் மெத்தையை முகர்ந்து பார்த்தேன். டெட்டால் வாசனை.

யாரோ இதில் குடியிருந்திருக்கிறார்கள். அல்லது வாடகைக்குப் போயிருக்கிறது. இப்போதெல்லாம் சனி ஞாயிறானால் பாண்டிச்சேரிக்கு வெளியூர் வண்டிகள் வரிசையாக வருகின்றன. கட்டில் போட்ட வேன் என்றால் கேட்க மாட்டார்களா?

அப்படி ஒரு தடவை நினைத்ததும் எல்லாமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஆரோக்கியத்தின் மனைவி லூர்து, நான் வந்து இறங்கினால் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கிக்கொள்கிறவள். இந்த முறை வாசலில் நின்று, “வாங்க அண்ணி” என்று சொன்னதோடு சரி. பெட்டியைத் தொடவில்லை. கட்டிப்பிடிக்கப் போனபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து தோளை மட்டும் கொடுத்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். “என்னடி, டயட்டா? எனக்கும் அந்த ரகசியத்த சொல்லேன்” என்று கேட்டேன். சிரித்தாள். இட்லி அவித்து வைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள். நான் வந்தது பிடிக்கவில்லை என்று முடிவுகட்டினேன்.

என் மகள் சந்திரீனுக்குப் போன் செய்து சொல்லி அழலாம் என்றால், அவள் எடுப்பதே அபூர்வம். நாந்த் நகரத்தில் வேலை. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில். “ஊருக்கு வாயேன்” என்றால் “பார்க்கலாம்.” அத்தை எப்படி இருக்கிறாள், மாமா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை. பெற்ற பிள்ளைக்கு ஊர் ஒட்டவில்லை என்று எத்தனையோ பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன்.

3

மறுநாள் தவளக்குப்பம் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரிக் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். ஆரோக்கியம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். முன்பு மில்லில் இருந்தான், மில் மூடிய பிறகு இந்த வேலை. அவன் காலை டிரிப்புக்குப் போன பிறகுதான் கிளம்பினேன். அவனுக்குத் தெரியாமல் போகவேண்டும் என்று எனக்கு இருந்தது.

கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “ரெண்டும் போச்சும்மா. புதுசு போட்டுடுங்க.”

“தண்ணி அளவு?”

“தண்ணி இருக்குது. உள்ள பிளேட்டு போயிருக்கும்.”

உள்ளே இருக்கும் பிளேட் இவருக்கு எப்படித் தெரிந்தது? ழெரார் ராத்திரி மெசேஜில் ஒன்றைக் கேட்கச் சொல்லியிருந்தார். அதை நினைவில் வைத்துக்கொண்டு, “மாஸ் பாத்தீங்களா?” என்றேன். வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேரும் நெகட்டிவ் இணைப்பை, இங்கே எர்த் என்பதை, பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். முப்பது வருடத்தில் இங்கே சொல்கிற வார்த்தை எனக்கு மறந்தே போயிருந்தது.

“மாஸா?” கடைக்காரர் சிரித்தார். “புதுசு போட்டுப் பாருங்க, மாஸா இருக்கும்.”

அவர் மீதும் சந்தேகம் வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் ஓரமாக நிறுத்தி, இரண்டு பேட்டரியையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ழெரார் வாங்கிய அன்றே மார்க்கர் பேனாவால் பக்கவாட்டில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருந்தார். இரண்டிலும் அது இருந்தது. அவருடைய எழுத்தேதான்.

ஆக, பேட்டரியை யாரும் மாற்றவில்லை. அது தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாற்றவில்லை என்றால் யாரோ ஓட ஓட உபயோகித்துக் கெடுத்திருக்கிறார்கள் என்று மனது அடுத்த படிக்குப் போய்விட்டது.

4

அன்று சாயங்காலம் ஆரோக்கியம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவன் துண்டால் துடைக்கும்வரைகூட நான் பொறுக்கவில்லை.

“வண்டிய யாருக்காவது விட்டியா?”

“எந்த வண்டிய?”

“நம்ம வேன.”

“இல்லயே.”

“நானூறு கிலோமீட்டர் ஏறியிருக்குது.”

“சும்மா நின்னா பேட்டரி எறங்கிடும்னு மாமாதான அப்பப்ப ஓட்டச் சொன்னாரு.”

“அதுக்கு நானூறா? உள்ள ஆள் தங்கியிருக்குது. ஆணி அடிச்சிருக்குது. டெட்டால் நாத்தம் அடிக்குது. வாடகைக்கு விட்டா விட்டேன்னு சொல்லு. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

அவன் துண்டைக் கொடியில் போட்டான். லூர்து உள்ளிருந்து வாசற்படிவரை வந்தவள் அங்கேயே நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் பார்த்துவிட்டேன். மறைக்கிறார்கள் என்பது உறுதியாயிற்று.

“நீ நெனைக்கற மாதிரி இல்லக்கா” என்றான்.

“பின்ன எந்த மாதிரி?”

“வுடுக்கா. கெட்டுப்போயிருந்தா நான் மாத்திக் குடுக்கறேன்.”

சாப்பிடாமலே வெளியே போய்விட்டான். பின்னால் லூர்து என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அவரு தப்பு பண்ணல அண்ணி.”

5

மறுநாள் ழெரார் வீடியோ காலில் வந்தார். அங்கே இன்னும் விடியவில்லை, இங்கே பதினோரு மணி.

“உன் தம்பிய அப்பறம் கேட்டுக்கலாம். மொதல்ல அளந்து பாப்போம். மல்டிமீட்டர் இருக்குதா? ஏதாச்சும் கரண்ட் இழுக்கும்போதே அளக்கணும். மிக்ஸி வேணாம், அது உடனே அணைஞ்சிரும். ரைஸ் குக்கர்ல தண்ணி ஊத்திப் போடு.”

கட்டிலுக்கு அடியில் குனிந்துகொண்டே என்னால் சுவிட்ச் போட முடியாது. லூர்துவைக் கூப்பிட்டேன். வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். இடது கையால் சுவிட்சைப் போட்டாள்.

போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் பேட்டரியின் ஈயக் கம்பங்கள் மேலேயே வைத்தேன். பன்னிரண்டு புள்ளி மூன்று.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் ழெரார். “இப்ப இன்வெர்ட்டர் பின்னாடி ஸ்குரூ மேல வை.”

பதினொன்று புள்ளி இரண்டு.

“பாத்தியா? பேட்டரி குடுக்குது, அங்க போய்ச் சேரல. வழியில ஒரு வோல்ட்டுக்கு மேல காணாமப் போவுது. இப்ப ஒரு முனைய பேட்டரி பிளஸ்ல, இன்னொண்ணு இன்வெர்ட்டர் பிளஸ்ல.”

“சைபர் புள்ளி ரெண்டு.”

“அது பரவால்ல. மைனஸ்ல இருந்து மைனஸ்?”

“சைபர் புள்ளி ஒம்போது.”

அந்த எண்ணை மறுபடியும் ஒரு முறை படிக்கச் சொன்னார். ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. இரண்டு மைனஸுக்கும் நடுவே நேராக ஒயர் போடாமல், பேட்டரியிலிருந்து ஒரு போல்ட்டுக்கும், இன்வெர்ட்டரிலிருந்து இன்னொரு போல்ட்டுக்குமாக, வண்டியின் இரும்புச் சட்டத்தையே ஒயராக வைக்கச் சொன்னது அவர்தான். பஸ்ஸில் அப்படித்தான் செய்வோம் என்று சொல்லி, மெக்கானிக்கோடு சண்டை போட்டுச் செய்ய வைத்தார். இந்த ஊரின் உப்புக்காற்று அவர் டெப்போவில் இல்லை.

“அந்த போல்ட்டப் பாரு” என்றார் மெல்ல.

இன்வெர்ட்டர் பக்கத்து போல்ட் ஒரு தகரப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. பாத்திரங்கள் வைக்கிற கனமான பெட்டி. “அந்தப் பக்கம் புடி லூர்து, ஒரு இழுப்பு இழுப்போம்” என்றேன்.

லூர்து அசையவில்லை.

“புடியேன்.”

“என்னால முடியாது அண்ணி.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெட்டியை நகர்த்தக்கூட மனசில்லையா என்று நினைத்துக்கொண்டு, நானே காலை ஊன்றி இழுத்தேன். பெட்டி விலகியது. போல்ட் தெரிந்தது. பெயிண்டுக்கு மேலேயே முறுக்கியிருந்தார்கள். சுற்றிலும் துரு பூத்து, வாஷர் செதில் செதிலாக உரிந்து நின்றது. விரலை வைத்தேன், சுட்டது.

போல்ட்டுக்குக் கீழே, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துகிடந்த ஒரு அட்டையும் தெரிந்தது. இளஞ்சிவப்பு நிறம். கோரிமேடு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாகப் பகலில் வார்டுக்குள் போய்வருகிறவருக்குக் கொடுக்கிற அனுமதிச் சீட்டு. கூட இருப்பவர்: ஆரோக்கியம், கணவர். நோயாளி: லூர்துமேரி. அறுவை சிகிச்சைப் பிரிவு. முத்திரையில் ஆகஸ்டு மாதம்.

நான் லூர்துவைப் பார்த்தேன். அவள் வலது பக்கம் மாராப்பின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

“கட்டி அண்ணி. எடுத்துட்டாங்க. அப்பறம் ஊசி போட்டாங்க. இந்தக் கையில வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

அலமாரியில் போன் இருந்தது. ழெரார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “நான் அப்பறம் கூப்புடறேன்” என்று அவரே துண்டித்துவிட்டார்.

6

லூர்து சொன்னதை நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். வார்டில் ராத்திரி பெண்கள்தான் கூடத் தங்கலாம். அவளுடைய அக்கா வந்து தங்கினாள். ஆரோக்கியம் லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தி இருபத்திரண்டு நாள் அதிலேயே இருந்திருக்கிறான். ரைஸ் குக்கரில் கஞ்சி வைத்து உள்ளே கொடுத்தனுப்பியிருக்கிறான். அதற்குப் பிறகு ஊசிக்காக மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய்வந்தார்கள். பஸ்ஸில் குலுங்கினால் அவளுக்கு வாந்தி வரும், அதனால் கட்டிலில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். நானூறு கிலோமீட்டர் அதுதான்.

“சந்திரீனுக்குத் தெரியும் அண்ணி” என்றாள் லூர்து கடைசியில்.

“எந்தச் சந்திரீனுக்கு?”

“நம்ம சந்திரீனுக்குத்தான். மீன் கொழம்பு எப்புடி வைக்கறதுன்னு கேக்கறதுக்கு வீடியோவுல கூப்பிட்டுச்சி. நான் ஆஸ்பத்திரி கட்டில்ல இருந்தேன், மறைக்க முடியல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அதுலருந்து ஞாயித்துக்கெழம ஆனா கூப்புடும். தப்புத் தப்பா தமிழ் பேசும், சிரிச்சிக்கினே இருப்போம்.”

அப்போதே சந்திரீனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். கேட்டேன். “தெரியும் மமோ” என்றாள், அம்மா என்பது மட்டும் பிரெஞ்சில், மற்றது தமிழில். பிறகு பிரெஞ்சுக்கு மாறி, அத்தைக்குக் கொடுத்த வாக்கை உடைக்க முடியாது என்றாள். நான் அவளைக் கோபிக்கப் பார்த்தேன். எதைச் சொல்லிக் கோபிப்பது என்று தெரியவில்லை.

ஆரோக்கியம் சாயங்காலம் வந்தபோது நான் அந்த அட்டையோடு வேனின் படியில் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏண்டா சொல்லல?”

“அம்மா சாவுக்கு நீ வரல.”

பதினெட்டு வருடத்துக்கு முந்தைய விஷயம். அப்போது என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. கையில் ஒரு ரசீது மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கே தெரியவில்லை. அவள் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதற்குள் அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள். இதையெல்லாம் ஆரோக்கியத்திடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“அது காகிதப் பிரச்சினடா. உனக்குத் தெரியுமே.”

“தெரியும். தெரிஞ்சும் ரெண்டு வருஷம் உங்கிட்ட பேச எனக்கு வாய் வரல. இந்த வாட்டியும் சொல்லி, நீ வராம இருந்தேன்னா, அப்பறம் உன்ன எப்புடி பாக்கறது? சொல்லலன்னா நீ வராதது உன் தப்பு இல்ல. அதான் சொல்லல.”

நான் அந்த ஆகஸ்டில் எங்கே இருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். நானும் ழெராரும் அட்லாண்டிக் கடலோரத்தில், வாடகை வண்டியின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவன் சொல்லியிருந்தால் அன்றே கிளம்பியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. பணம் அனுப்பியிருப்பேன், அது நிச்சயம். தினமும் போன் செய்திருப்பேன். கிளம்பியிருப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை.

“வாடகைக்கு விட்டியான்னு கேட்டேனேடா” என்றேன்.

“கேட்ட. பரவால்ல வுடு.”

பரவாயில்லை என்று அவன் சொன்ன விதத்தில் பரவாயில்லை என்பது இல்லை.

7

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நானும் அவனும் கனமான கேபிள் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து இன்வெர்ட்டர் மைனஸுக்கு நேராக இழுத்தோம். கேபிள் முனைகளில் வளையம் போல இருக்கிற லக் இரண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, கிரீஸ் தடவினோம். ரைஸ் குக்கர் ஓடும்போது இன்வெர்ட்டரில் சரியாகப் பன்னிரண்டு வோல்ட். மிக்ஸியும் ஓடியது. ழெராருக்கு எண்ணை அனுப்பினேன். “மன்னிச்சுக்கச் சொல்லு” என்று பதில் போட்டார். யாரிடம், எதற்கு என்று எழுதவில்லை.

லூர்துவுக்கு அடுத்த செக்கப் பிப்ரவரி கடைசியில். நான் திரும்புவது அதற்குப் பத்து நாள் முன்னால். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். ஆரோக்கியத்திடம் சொன்னேன்.

“நெஜமா இதுக்காகத்தான் தள்ளிப் போட்டியா? இல்ல வேற எதாச்சும் வேலயிருக்குதா?”

“வேற இன்னா வேல?”

“இல்ல, கேட்டேன்.”

செக்கப் அன்று அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நானே வேனை ஓட்டிக்கொண்டு போனேன். லூர்து பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். விழுப்புரம் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்தவர்கள் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டரைக்கு ஆரோக்கியம் போன் செய்தான். “போய்ச் சேந்துட்டீங்களா?” சேர்ந்துவிட்டோம் என்றேன். ஒன்பதரைக்கு மறுபடியும். “டோக்கன் குடுத்துட்டாங்களா?” கொடுத்துவிட்டார்கள் என்றேன். பத்தரைக்கு என் போன் அடிக்கவில்லை, லூர்துவின் போன் அடித்தது. சத்தமாகப் பேசுகிற போன் அது. பக்கத்தில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

“அக்கா கூடத்தான் இருக்காளா, இல்ல உன்ன வுட்டுட்டு டவுனுக்குக் கெளம்பிட்டாளா?”

லூர்து என்னைப் பார்க்காமல், “பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருக்காங்க” என்றாள்.

“சரி. வெச்சிடு.”

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கேட்டது அவளுக்குத் தெரியும். என்னிடம் அவன் சார்பாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று யோசிப்பது போல இருந்தது. சொல்ல வேண்டாம் என்று நான் தலையை மட்டும் அசைத்தேன். வேனை மோந்து பார்த்து, மீட்டரைச் சரிபார்த்து, அவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டவள் நான். அவன் மூன்று தடவை போன் செய்து பார்க்கிறான், அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். லூர்து எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“உள்ள வரீங்களா அண்ணி, இல்ல இங்கயே இருக்கீங்களா? காயத்த பாப்பாங்க. உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.”

“வரேன்” என்றேன்.